தண்ணீர் தெளிந்த பதினாலு மாதம்

ராக்கிவலசு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டியிலிருந்து பத்தொன்பது வருடமாக ஒரு நாள் கத்தரிப்பூ நிறத்திலும் ஒரு நாள் துரு நிறத்திலும் மறுநாள் பேர் வைக்க முடியாத ஏதோ ஒரு நிறத்திலும் போய்க்கொண்டிருந்த தண்ணீர், ஒரு ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, வாய்க்காலின் அடியில் கிடந்த நட்டும் போல்ட்டும் தெரியும்படி தெளிந்து வந்தது. அதை முதலில் பார்த்தவர் மாரப்பன், அங்கே வால்வு திறந்து மூடும் வேலையில் இருப்பவர். ஏதோ குழாய் உடைந்து நல்ல தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தவர், அந்தப் பக்கம் பத்து மைலுக்கு நல்ல தண்ணீர்க் குழாயே கிடையாது என்பது நினைவுக்கு வந்ததும், குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். வாடை இல்லை. நாக்கில் வைத்தார். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் ஒரு இனிப்பு வருமே, அந்த இனிப்பு. காப்பி கொண்டுவந்த தூக்குப்போசியைக் கழுவி அதன் மூடியில் இரண்டு முறை மொண்டு குடித்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

"அம்மிணி, நம்ம தண்ணி நல்லா ஆயிப்போச்சுங்க."

"எந்தத் தண்ணி?" என்றாள் சௌடேஸ்வரி, நிலையத்தின் பொறியாளர்.

"நம்ம கழிவுத் தண்ணிதானுங்க. ரெண்டு மூடி குடிச்சுட்டனுங்க."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அவரை வாந்தி எடுக்கச் சொன்னாள், ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள், அவர் எதற்கும் அசையாமல் வயிற்றைத் தடவிக்கொண்டு, காலையில் இருந்த நெஞ்சுக்கரிப்புகூட நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்ததால், கடைசியில் குப்பியை எடுத்துக்கொண்டு தானே தொட்டிக்குப் போனாள்.

சௌடேஸ்வரி அந்த நிலையத்துக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தி மூன்று வயது. கூலிக்கு எட்டு விசைத்தறி ஓட்டியவரின் மகள். சுற்றுச்சூழல் பொறியியல் என்று ஒரு படிப்பு இருப்பது அவள் சேர்ந்த பிறகுதான் அவள் தெருவுக்குத் தெரிந்தது. குப்பை அள்ளுகிற படிப்பா என்று கேட்டவர்களுக்கு, இல்லை, ஆற்றைக் கழுவுகிற படிப்பு என்று அவள் அப்பா பெருமையாகச் சொன்னார். சாயப்பட்டறைகள் எழுபதும் சேர்ந்து கட்டிய நிலையத்தில் முதல் மாதம் அவள் எடுத்த முதல் அளவில் லிட்டருக்கு உப்பு ஏழாயிரத்து நானூறு மில்லிகிராம் இருந்தது. இருக்க வேண்டியது இரண்டாயிரத்து நூற்றுக்குள். அவள் ஏழாயிரத்து நானூறு என்றே பதிவேட்டில் எழுதினாள். அன்று மாலை பட்டறைச் சங்கத் தலைவர் நாச்சிமுத்து வந்தார். அவர் சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. எதிரே உட்கார்ந்து, கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"அம்மிணி, இந்த நம்பரை எழுதுனா நாளைக்கு எழுவது பட்டறையும் மூடிருவாங்க. மூடுனா நூல் வராது. நூல் வராட்டி உங்கப்பா தறியில எதைப் போட்டு நெய்வாரு? இந்த மாசம் மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பதுன்னு எழுதுங்க. அடுத்த மாசம் புது மிசினு வருது."

அவள் முறுக்கைத் தொடவில்லை. ஆனால் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு அவர் சொன்னபடி எழுதினாள். புது மிஷின் அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த ஆடியிலும் வரவில்லை, அவள் கல்யாணத்துக்கு நாச்சிமுத்து குத்துவிளக்கு கொடுத்த வருடமும் வரவில்லை, கணவன் ஓசூருக்கு மாற்றலாகிப் போய் மாதம் இரண்டு முறை வந்துபோகத் தொடங்கிய வருடமும் வரவில்லை. அவள் இளநிலைப் பொறியாளராகி, பொறியாளராகி, நிலையப் பொறுப்பாளராகி, மேசை மாறி, அறை மாறி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் தண்ணீரை உண்மையாகவே அளந்து, அளந்ததைத் துண்டுச்சீட்டில் குறித்து, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பதிவேட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதைச் சுற்றியே ஏதாவது ஒரு எண்ணை எழுதினாள். எதற்காகத் தினமும் அளக்கிறாள் என்று மாரப்பனுக்குப் புரியவில்லை. அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

வாய்க்கால் போய்ச் சேருகிற இடம் கூத்தம்பட்டி. நூற்றுப் பத்து வீடு. அங்கே கிணறுகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின, தென்னை குட்டையாகிக் காய்ப்பை நிறுத்தியது, எருமைகள் சினை தங்காமல் போயின, ஊரில் எல்லோருக்கும் பல் காவி ஏறியது. பிறகு பெண் கொடுப்பது நின்றது. கூத்தம்பட்டி மாப்பிள்ளை என்றால் ஜாதகத்தைத் திருப்பியே பார்க்காமல், "தண்ணி சரியில்லீங்க" என்று சொல்லிப் பெண் வீட்டார் எழுந்துகொண்டார்கள். வெள்ளையம்மாள் என்ற எருமைக்காரி, கடைசி எருமையும் செத்த வருடம், ஊதா நிறத் தண்ணீர் ஒரு சொம்பு கொண்டுவந்து சௌடேஸ்வரியின் மேசையில் வைத்துவிட்டு, "எம்பையனுக்கு முப்பத்தி நாலு முடியப் போவுது. ஒருத்தி வருவாளா சொல்லு, நீ படிச்சவதானே" என்று கேட்டாள். வெள்ளையம்மாள் போன பிறகு சௌடேஸ்வரி கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தண்ணீரையும் அளந்து, எண்ணைச் சீட்டில் குறித்து, கிழித்துப் போட்டாள்.

அப்படிப்பட்டவள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை தெளிந்த தண்ணீரை அளந்தாள். உப்பு நூற்றுத் தொண்ணூறு. உலோகம் இல்லை. சாயம் இல்லை. மூன்று முறை அளந்தாள். உள்ளே வருகிற தொட்டியில் எழுபது பட்டறைக் கழிவும் கறுத்து நுரைத்து எப்போதும்போல வந்துகொண்டிருந்தது; நடுவில் எந்தத் தொட்டியில் அது மாறியது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு தொட்டியாக ஏறி இறங்கினாள். மூன்றாவதில் கறுப்பு, நான்காவதில் கறுப்பு, ஐந்தாவதில் தெளிவு. இடையில் இருந்தது ஒரு சிமெண்டுச் சுவர், ஒரு சாண் குழாய். மதியம் வரை அந்தக் குழாய் அருகே நின்றவள், பிறகு ஒரு டம்ளர் எடுத்துவந்து மொண்டு குடித்தாள். குடித்துவிட்டு, வெயிலில், ஏணியின் நான்காவது படியில் உட்கார்ந்து அழுதாள்.

நாச்சிமுத்து வந்து பார்த்தார், குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார். அவள் பேனாவைத் திறந்து நூற்றுத் தொண்ணூறு என்று எழுதப் போனபோது கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"இருங்க அம்மிணி. நேத்து ஆயிரத்துத் தொள்ளாயிரம், இன்னைக்கு நூத்தித் தொண்ணூறுன்னா, என்ன பண்ணுனீங்கன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்லுவீங்க?"

அவள் ஐந்தாவது தொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எப்பவும்போலயே எழுதுங்க."

ஆகவே ராக்கிவலசில் கழிவுத் தண்ணீர் இனித்த நாளும் பதிவேட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து என்றே இருக்கிறது. அதற்கு முந்தின நாளும் கிட்டத்தட்ட அதே எண்தான். காகிதத்தில் எதுவும் நடக்கவில்லை.

காகிதத்துக்கு வெளியே கூத்தம்பட்டி அதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. முதல் இரண்டு நாள் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒரு நாய் குடித்தது, நாயை ஒரு இரவும் ஒரு பகலும் பார்த்திருந்தார்கள், அது முன்னைவிடச் சத்தமாகக் குரைத்ததால் கோழிகளை விட்டார்கள், பிறகு ஆட்டை, பிறகு ஆண்கள் குளித்தார்கள், பிறகு பெண்கள் துணி துவைத்தார்கள், வெள்ளை வேட்டி வெள்ளையாகவே காய்ந்ததைப் பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்கள், அதன் பிறகு எல்லோரும் குடித்தார்கள். ஏன் தெளிந்தது என்று முதல் மாதம் பேசினார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி அம்மன் என்றார், நாச்சிமுத்து சங்கத்தின் முயற்சி என்றார், டீக்கடையில் ஒருவர் பூமிக்குள் ஏதோ புரண்டுவிட்டது என்றார். இரண்டாம் மாதம் அந்தப் பேச்சு சலித்து, தெளிந்த தண்ணீரில் பருப்பு எவ்வளவு சீக்கிரம் வேகிறது என்ற பேச்சு வந்தது. ஆவணியில் வெள்ளையம்மாள் மகன் சின்னானுக்குப் பெண் கிடைத்தது. அந்த ஒரு முகூர்த்தத்தில் மட்டும் கூத்தம்பட்டிக்கு நான்கு மருமகள்கள் வந்தார்கள். தைக்குள் பதினேழு பேர், அதில் கூத்தம்பட்டிக்காரரான மாரப்பனின் மருமகளும் ஒருத்தி. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பது முறையாயிற்று. அவர்கள் குடித்து, ஒருவரை ஒருவர் பார்த்து, சரி என்றார்கள். வாய்க்காலில் மொள்வது மருமகள்களுக்குக் கௌரவமாக இல்லை என்று, சங்கமே நிலையத்திலிருந்து கூத்தம்பட்டிக்குக் குழாய் போட்டு, ஊர் நடுவில் ஓடு பதித்த மேடையும் நான்கு பித்தளைக் குழாயும் வைத்தது.

வெள்ளையம்மாள் புது எருமை வாங்கி, முதல் தயிரைச் சௌடேஸ்வரிக்குக் கொண்டுவந்தாள்.

"அன்னைக்கு நான் பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க சாமி. நீங்க எத்தன வருசம் பாடுபட்டீங்களோ, இப்பத்தான் பலிச்சிருக்குது."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க பாட்டி."

"பெரிய மனுசங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லி வெள்ளையம்மாள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அந்த நேரம் சௌடேஸ்வரிக்குத் தோன்றியது, ஒருவேளை தான் தினமும் அளந்ததைத் தண்ணீர் பார்த்துக்கொண்டே இருந்திருக்குமோ என்று. அந்த எண்ணம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அன்று முழுக்க அதை விட மனம் வரவில்லை.

பட்டறைகளும் பழகிக்கொண்டன. தானாகவே தெளிகிற தண்ணீருக்குச் சுண்ணாம்பு எதற்கு என்று சுண்ணாம்பை நிறுத்தினார்கள். காற்றடிக்கும் மோட்டார் எதற்கு என்று மோட்டாரைக் கழற்றினார்கள். தொட்டி கழுவும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாரப்பன் ஒருவர் மட்டும் பூட்டுத் திறக்க இருந்தார். எழுபது பட்டறை நூற்று முப்பதாயிற்று. இதுவரை வெளியே விடப் பயந்து பீப்பாய்களில் மூடி வைத்திருந்த பழைய ரசாயனச் சரக்குகளையும் கொண்டுவந்து ஊற்றினார்கள். வேண்டாம் என்று சௌடேஸ்வரி எழுதிக் கொடுத்தாள், வாயால் சொன்னாள், ஒருநாள் லாரியின் முன்னால் போய் நின்றாள். லாரிக்காரர் இறங்கி, அவளைக் கூட்டிக்கொண்டு ஐந்தாவது தொட்டிக்குப் போய், ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டிவிட்டு, "இதுக்கு மேல என்னுங்க வேணும்?" என்று கேட்டார். லாரி உள்ளே போயிற்று.

அடுத்த வருடம் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல அளந்தவள் இன்னொரு முறை அளந்தாள். உப்பு ஒன்பதாயிரத்து இருநூறு. உலோகம் இருக்கக் கூடிய அளவைப்போல நாற்பது மடங்கு. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்; கண்ணாடிபோலத் தெளிவு. நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். அதே நெல்லிக்காய் இனிப்பு. ஒன்பதாயிரம் உப்பு வாயில் வைக்க முடியாதபடி கரிக்க வேண்டும். கரிக்கவில்லை. தெளிவும் இனிப்பும் அப்படியே இருந்தன, மற்றது திரும்பி வந்துவிட்டது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் குப்பியைப் பெட்டியில் வைத்துப் பஸ் ஏறி வெளியூர் ஆய்வகத்தில் தன் பெயரில் கொடுத்தாள். நான்காம் நாள் வந்த காகிதத்தில் அவள் எண்களே இருந்தன.

அவள் பதிவேட்டைத் திறந்து, ஒன்பதாயிரத்து இருநூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருபது வருடத்தில் வராத ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நகலை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினாள். கூத்தம்பட்டிக் குழாயை மூடச் சொல்லி மாரப்பனிடம் சொன்னாள்.

அவர் வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனவர், நின்று திரும்பினார்.

"அம்மிணி, எம் மருமக குளிச்சுட்டிருப்பாளே. புள்ளத்தாச்சிங்க."

"அதுக்குத்தான் மூடச் சொல்றேன் மாரப்பா."

மூடினார். அரை மணி நேரத்தில் கூத்தம்பட்டி காலிக் குடங்களோடு வாசலில் நின்றது. ஒரு மணி நேரத்தில் நாச்சிமுத்து வந்து திறக்கச் சொன்னார். மாரப்பன் யாரையும் பார்க்காமல் திறந்தார்.

மறுவாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். பேச்சு தன்மையானது, அவளைவிடப் பத்து வயது சிறியவர். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார், இன்னொரு டம்ளர் கேட்டுக் குடித்தார், பிறகு இருபது வருடப் பதிவேடுகளையும் வரிசையாக வைத்துப் புரட்டினார்.

"இருபது வருசமா ஒரே சீரா வந்திருக்கு மேடம். இவ்வளவு சுத்தமான ரெக்கார்டு நான் பார்த்ததே இல்லை. திடீர்னு ஒரு நாள் ஒன்பதாயிரம்னா, மெஷின் பிழைதானே?"

"சார், அந்த இருபது வருசமும் பொய். நான்தான் எழுதினேன். இது ஒண்ணுதான் நிஜம்."

அவர் பேனாவை மூடினார்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்னே வைங்க. ஆறாயிரம், ஏழாயிரம் தடவை பொய் எழுதினவங்க இப்ப எழுதினது மட்டும் நிஜம்னு நான் எப்படி மேல எழுதறது?"

"வெளியூர்ல குடுத்துப் பார்த்திருக்கேன் சார். காகிதம் இருக்கு."

"அந்தக் குப்பியில தண்ணி எடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"உங்க மேல எந்த நடவடிக்கையும் வராம நான் பார்த்துக்கறேன் மேடம்" என்று சொல்லி அவர் எழுந்தார். போகும்போது வீட்டுக்கு என்று இரண்டு கேன் பிடித்துக்கொண்டு போனார்.

மாதக் கடைசியில் உடல்நிலை காரணமாக அவள் ஓய்வு பெறுகிறாள் என்று சங்கம் ஒரு சால்வை போர்த்தி அனுப்பியது. வேலைக்குப் புதிதாக யாரையும் வைக்கவில்லை. அளப்பதற்கு என்ன இருக்கிறது? கணவன் ஓசூருக்கு வரச் சொல்லிப் போன் செய்தான். வருகிறேன் என்றாள். போகவில்லை.

அவள் கூத்தம்பட்டிக்குப் போனாள். காலை ஐந்தரை பஸ்ஸில் போய், குழாய் மேடையின் அருகே நின்று, குடத்தோடு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். முதலில் எண்களைச் சொன்னாள். பிறகு எண்களை விட்டுவிட்டு, ஈரல் என்ன ஆகும், சிறுநீரகம் என்ன ஆகும், வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று சொன்னாள். முதல் வாரம் சண்டை போட்டார்கள். எங்கள் மருமகள்களை ஓட்டிவிடப் பார்க்கிறாயா என்று சின்னான் அவள் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். வெள்ளையம்மாள்தான் மகனை அதட்டி, பையை எடுத்து அலசிக் கொடுத்தாள்.

"பாட்டி, நீங்களாவது கேளுங்க. இது பழைய தண்ணிதான். நிறம் மட்டும்தான் இல்லை."

"பழைய தண்ணி இருந்தப்ப நீங்க நல்லாருக்குதுன்னு எழுதுனீங்க" என்றாள் வெள்ளையம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்துவதுபோலச் சொன்னாள். "இப்ப நல்லாருக்குது, கெட்டுப்போச்சுங்கறீங்க. நான் என்ன சாமி பண்ணட்டும்? எனக்கு நாக்குதானே இருக்குது."

இரண்டாம் வாரம் சண்டை ஓய்ந்தது. மூன்றாம் வாரம் அவளைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினார்கள். ஐப்பசி மழையில் நனைந்து நின்றவளுக்கு யாரோ ஒரு குடை கொண்டுவந்து கொடுத்தார்கள், பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது, ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு வீட்டிலிருந்து இட்லி வந்தது. வெளியூரிலிருந்து ஒறம்பரை வந்த சொந்தக்காரர்கள் யார் இவர் என்று கேட்டால், "எங்க ஊருக்குத் தண்ணி கொண்டாந்த அம்மா. ரொம்பப் படிச்சு மனசு கொஞ்சம் தடுமாறிப்போச்சு, பாவம்" என்று மெதுவாகச் சொன்னார்கள். கார்த்திகையில் மாரப்பனின் மருமகளுக்கு எட்டு மாதத்தில் பிள்ளை பிறந்து அன்றே போயிற்று. எட்டு மாதத்துப் பிள்ளை எங்கே தங்கும் என்றார்கள். மார்கழியில் வெள்ளையம்மாளின் எருமை சினை கலைந்தது. பனி என்றார்கள். மாரப்பன் வேலையை விட்டுவிட்டு, சந்தைக்குப் போகும் பஸ்ஸில் அவளைப் பார்த்தால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்.

அவள் தினமும் சொல்வதை நிறுத்தவில்லை. ஒவ்வொருவரும் நின்று, கடைசி வரை கேட்டு, "சரீங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, சின்னானின் மனைவி பூங்கோதை இடுப்பில் எட்டு மாதக் குழந்தையும் தலையில் இரண்டு குடமுமாக வந்தாள். சௌடேஸ்வரி எழுந்து நின்று, அன்றைக்கு முதல் ஆளுக்குச் சொல்வதுபோல ஆரம்பித்தாள். பூங்கோதை தலையாட்டிக்கொண்டே குடங்களை இறக்கி வைத்தாள். குழந்தை கீழே இறங்கத் துள்ளியது. மேடை ஈரமாக இருந்தது.

"கொஞ்சம் இவளைப் புடிச்சுக்கறீங்களா அக்கா?"

சௌடேஸ்வரி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கனமான குழந்தை, எண்ணெய் வாசனை. அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. குழாய் திறந்தது, குடம் முதலில் சத்தமாகவும் பிறகு நிறைய நிறையச் சத்தம் குறைந்தும் நிறைந்தது. இரண்டாவது குடமும் நிறைந்தது. பூங்கோதை கையைக் கழுவி, உள்ளங்கையைக் குழித்து, தண்ணீரை ஏந்திக்கொண்டு வந்தாள். குழந்தை அதைப் பார்த்ததும் வாயைத் திறந்துகொண்டு சௌடேஸ்வரியின் தோளிலிருந்து முன்னால் சாய்ந்தது.

"விழுந்துருவா, நல்லா புடிங்க" என்றாள் பூங்கோதை.

சௌடேஸ்வரி நல்லாப் பிடித்துக்கொண்டாள்.